இடுப்பில் மறையும் இரும்பு

கண்டியிலிருந்து வத்துகாமம், பன்வில வழியாக ஏறிவரும் பஸ், மடுல்கெல்ல பஜாரில் மூச்சிரைத்து நிற்கும். அந்த இடத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை. கருவாடு, தேங்காய் எண்ணெய், நனைந்த சாக்கு மூன்றும் கலந்த வாசம் அதன் வாசலிலேயே வந்து நிற்கும். கடைக்காரர் எனக்குத் தம்பி முறை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் ஒரு மொத்தக் கடையில் எடுபிடியாக நின்று, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்தக் கடை போட்டவர். வாரம் ஒருமுறை கண்டிக்குப் போய் மொத்தக் கடைகளுக்குப் பணம் கட்டுவார். பக்கத்துத் தோட்டங்களில் கொடுத்த கடனை வசூலித்துக்கொண்டு இருட்டிய பிறகு வீடு திரும்புவார்.

ஒரு மழை மாலை, கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்க நாலு விசயம் விசாரிச்சு எழுதுற ஆளு. ஒண்ணு கேக்குறேன். பாரம் இருக்கக் கூடாது. சட்டைக்கு வெளிய தெரியக் கூடாது. ஆனா ஒரு வெடியில ஆளு விழுந்துறணும். அப்படி ஒரு பிஸ்டல் இருக்காண்ணே?”

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் அனுப்பிய படத்தைத் தொலைபேசியில் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பிஸ்டல். தடிப்பு ஓர் அங்குலம். வாய் மட்டும் பெரியது. இரண்டு இரவுகளில் ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கை அணைத்துக்கொண்டு தன் பின்னாலேயே வந்ததாகச் சொன்னார். சொல்லும்போது குரல் தணிந்தது. பயந்தவர் கேட்ட கேள்வி அது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடியதன் பலனே இந்தக் கட்டுரை.

ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று ஆசைகள்

தம்பி கேட்டது போன்ற பிஸ்டல் உலகத்தில் உண்டு. குரோஷியாவில் செய்து அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் நிறுவனம் விற்ற எக்ஸ்டி-எஸ் 2012இல் வந்தது. .45 ரகம், ஓர் அங்குலத் தடிப்பு, ரவை போடாமல் 600 கிராம் அளவு எடை. ஒஸ்திரிய நிறுவனமான குளொக் அதற்கும் முன்பே ‘36’ என்ற எண்ணில் ஒரு மெல்லிய .45ஐ விற்பனைக்கு விட்டிருந்தது. ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் 2016இல் தன் ‘ஷீல்ட்’ வரிசையில் ஒன்றைச் சேர்த்தது. நெகிழி கலந்த சட்டகம், ரவைகளை ஒற்றை வரிசையில் அடுக்கும் கூடு ஆகியவைதான் இவற்றை மெலிய வைக்கும் வித்தை. ரவைகளை இரண்டு வரிசையாக அடுக்கினால் பிடி பருத்துவிடும். ஒற்றை வரிசையில் அடுக்கினால் பிடி மெலியும். ரவை ஐந்து, ஆறு, மிஞ்சினால் ஏழோடு நின்றுவிடும்.

.45 என்பது குண்டின் குறுக்களவு. அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 11.4 மில்லிமீற்றர். குண்டு மட்டும் 15 கிராம் இருக்கும். உலகெங்கும் பொலிசார் வைத்திருக்கும் 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் குண்டு 8 கிராம் அளவுதான். பெரிய குண்டு பெரிய காயம் உண்டாக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஆட்கள் .45ஐத் தேடிப் போகிறார்கள்.

சிக்கல் உதையில் இருக்கிறது. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் கையை உதைக்கும். துப்பாக்கி பாரமாக இருந்தால் அந்த உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். .45 ரவைக்கென்றே ஜோன் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் 1.1 கிலோ எடை கொண்டது. அந்தப் பாரத்தை நம்பித்தான் அவ்வளவு பெரிய ரவை அதற்குள் வைக்கப்பட்டது. அதே ரவையை 600 கிராம் துப்பாக்கியில் போட்டால், மணிக்கட்டில் இறங்கும் உதையின் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முதல் வெடிக்குப் பிறகு வாய் வானத்தைப் பார்க்கும். அதை இறக்கி மறுபடி குறி வைப்பதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். நீளம் குறைந்த குழாயில் குண்டின் வேகமும் குறையும். சுடப் பழகுகிறவர்கள் இத்தகைய துப்பாக்கியை ஐம்பது தடவை சுட்டால் கை கடுத்துப் போகும். கடுத்த கை மறுவாரம் பழகப் போகாது. எந்தத் துப்பாக்கியைச் சுமப்பது இலகுவோ, அதைச் சுடுவது கடினம். அந்தத் தொழிலில் ஊறியவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமிப் பகுதியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதன் அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். குண்டுக்கு வலு போதவில்லை என்று முடிவெடுத்து 10 மில்லிமீற்றருக்கு மாறினார்கள். அதன் உதை பலருக்கு ஒத்துவரவில்லை என்று .40க்கு இறங்கினார்கள். கடைசியில் 2014இல் அதன் பயிற்சிப் பிரிவு எழுதிய அறிக்கை மறுபடி 9 மில்லிமீற்றருக்கே போகச் சொன்னது. குண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட அது எங்கே படுகிறது என்பதே பெரிது. உதை குறைந்தால்தான் குறி தப்பாது என்பது அவர்கள் கண்ட முடிவு. முறையாகப் பயிற்சி எடுக்கும் ஆட்களே ஏறத்தாழ முப்பது வருடத்தில் கற்ற பாடம் இது.

எடைக்கல்லோடு ஒரு மேட்டுப் பாதை

இவ்வளவையும் சொன்ன பிறகும் தம்பியின் முகத்தில் தெளிவில்லை. தராசுக்குப் பக்கத்தில் பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்தன. ஐந்நூறு கிராம் கல் ஒன்று, இருநூறு கிராம் கல் ஒன்று எடுத்தோம். .45 ரவை ஒன்று 21 கிராம் இருக்கும். ஆறு ரவை போட்ட அந்த மெல்லிய பிஸ்டலின் எடை அந்த இரண்டு கற்களைவிடச் சற்றுக் கூட. கற்களைச் சாரத் துணியில் இறுக்கிச் சுற்றி, காற்சட்டைப் பட்டிக்குள் செருகி, மேலே சட்டையைத் தொங்க விட்டார். கடையைப் பையனிடம் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போகும் மேட்டுப் பாதையில் இரண்டு பேரும் ஏறினோம்.

மடுல்கெல்லப் பாதை சமதரையில் போடப்பட்டதல்ல. பத்து அடிக்கு ஒரு கருங்கல் படி, படிக்குப் பக்கத்தில் கான். முதல் வளைவில் பட்டி இறங்கியது. கை தானாக இடுப்புக்குப் போனது. இரண்டாவது வளைவில் மழைத்தூறலில் சட்டை உடம்போடு ஒட்டி, துணிப் பொட்டலத்தின் மூலை துலக்கமாகத் தெரிந்தது. கொழுந்துக் கூடை இறக்கிவிட்டு வந்த ஓர் அம்மா, “என்னப்பா, வயித்து வலியா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தம்பி திடுக்கிட்டதை நான் பார்த்தேன். குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது பொட்டலம் நழுவிப் படியில் விழுந்தது. இரும்பு கல்லில் மோதிய சத்தம் கானுக்குள் எதிரொலித்தது.

அது எடைக்கல். சத்தத்தோடு போயிற்று. விழுந்தது ரவை ஏற்றிய பிஸ்டலாக இருந்தால்? மறைத்துச் சுமக்கும் துப்பாக்கிக்கு விசைப்பகுதியை முழுவதுமாக மூடும் கெட்டியான உறை வேண்டும், அது அசையாமல் நிற்கத் தடித்த பட்டி வேண்டும் என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பயம்தான். நான் மேலே சொன்ன எக்ஸ்டி-எஸ் பிஸ்டலையே 2013இல் நிறுவனம் திரும்பப் பெற்றுத் திருத்த வேண்டியிருந்தது. விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே வாங்கியவர்களுக்கு அறிவித்தது. பெரிய ஆலையில் செய்த சாமானுக்கே அந்த நிலை.

இந்த ஆசை எங்கே பிறந்தது?

சின்னதாக, மெல்லியதாக, ஆனால் பெரிய வாயோடு ஒரு துப்பாக்கி வேண்டும் என்ற ஆசை பழையது. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த .44 ரகப் பைத் துப்பாக்கியின் நீளம் 15 சென்ரிமீற்றர்தான். ஒரே ஒரு வெடி. 1865 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு நாடக மண்டபத்தில் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் வெடித்தது அது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டதும் கட்டைக் குழாய்ப் பெருவாய் ரிவோல்வர் ஒன்று. ‘பிரிட்டிஷ் புல்டோக்’ என்று அதற்குப் பெயர். பிரித்தானியப் பேரரசு முழுக்கச் சட்டைப் பைகளில் திரிந்த ரகம் அது.

இன்றைய சந்தைக்கும் காரணங்கள் உண்டு. 1987இல் புளோரிடா மாநிலம் தகுதியுள்ள எவருக்கும் மறைத்துச் சுமக்கும் அனுமதி கொடுக்கத் தொடங்கியது. வேறு பல மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1994 முதல் 2004 வரை புதிதாகச் செய்யும் ரவைக் கூடுகளில் பத்துக்கு மேல் போடக் கூடாது என்று மத்திய சட்டம் இருந்தது. பத்து ரவைதான் என்றால் துப்பாக்கி ஏன் பருமனாக இருக்க வேண்டும், குண்டு ஏன் சிறியதாக இருக்க வேண்டும் என்று ஆலைகள் யோசித்தன. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளியில் துப்பாக்கி சுமப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்று தீர்ப்பளித்தது. மச்சான் அனுப்பிய படம் அந்தச் சந்தையிலிருந்து வந்தது. அந்தச் சட்டமும் அந்தக் கடைத்தெருவும் மடுல்கெல்லவுக்கு வராது.

பக்கத்து நாட்டில்கூட நிலைமை வேறு. இந்தியாவில் 9 மில்லிமீற்றர், .38, .455 போன்ற பெரிய ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. .32தான் அனுமதி பெற்றவர்கள் சாதாரணமாக வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி. 2012இல் டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்று 2014இல் கான்பூர் ஆயுத ஆலை வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவோல்வரும் .32தான். 500 கிராம் எடை, அப்போது 1.22 இலட்சம் இந்திய ரூபாய் விலை. பயத்தில் வாழ்ந்த பெண்களில் எத்தனை பேரால் அந்த விலை கொடுக்க முடிந்திருக்கும்?

நம் நாட்டில் மறைந்த துவக்குகள்

இலங்கையில் பெருவாய்க் கைத்துப்பாக்கி ஒன்று மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட சம்பவம் நாடே அறிந்தது. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தன்னைப் பார்க்க வந்தவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் தல்துவே சோமராம தேரர், கண் வைத்தியர். பிரதமர் அவரை வணங்கினார். காவியின் மடிப்புக்குள்ளிருந்து .45 ரக வெப்லி ரிவோல்வர் வெளியே வந்தது. மறுநாள் பிரதமர் இறந்தார். 1962 ஜூலை 6ஆம் திகதி வெலிக்கடையில் சோமராம தூக்கிலிடப்பட்டார். அந்த வெப்லி ஒரு கிலோவுக்கு மேல் பாரமானது; மெலிவே இல்லாதது. அதை மறைத்தது காவி உடையும், அந்த உடையில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கையும். வீட்டில் ஆயுதக் காவல் இருந்தது. காவலாளி சுட்டு சோமராமவைக் காயப்படுத்தவும் செய்தார். அதற்குள் பிரதமரின் உடம்பில் குண்டுகள் இறங்கியிருந்தன.

அறுபத்தைந்து வருடம் கழித்து, 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகம் ஒன்றின் நடுவைக் குடைந்து அதற்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவந்ததாகவும், சுட்டவர் சட்டத்தரணி போல உடுத்தியிருந்ததாகவும் பொலிசார் கூறினார்கள். காவி, சட்டப் புத்தகம், கறுப்புக் கோட்டு. மறைத்துச் சுமக்கும் துவக்கு நாம் எதை மதிக்கிறோமோ அதற்குள்தான் போய் ஒளிகிறது. முதல் அடி எப்போது விழப் போகிறது என்பது தெரிந்தவருக்கே அது கைகொடுக்கிறது. இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு அந்த நேரம் தெரியும். வீடு திரும்பும் கடைக்காரருக்குத் தெரியாது.

சட்டத்தின் வாசல்

நம் நாட்டில் துவக்கு விடயத்தை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கைத்துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பது குற்றம். தனிப்பட்ட பாதுகாப்புக்கு என்றால் விண்ணப்பம் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். பொலிஸ் அறிக்கை வரும். உயிருக்கு உள்ள ஆபத்தை நிரூபிக்க வேண்டும். கிடைத்தாலும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். எந்த ரகம் என்று கடையில் தெரிவு செய்யும் பேச்சே அதற்குப் பிறகுதான்.

கிடைத்ததும் நிரந்தரமல்ல. 2024இன் பிற்பகுதியில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசறையில் கடற்படையிடம் கையளிக்கச் சொன்னது. பிறகு அந்தத் தவணை 20ஆம் திகதி வரை நீண்டது. கொழும்பின் பெரிய வர்த்தகர்களே துவக்கை ஒப்படைக்க வேண்டி வந்த பிறகு, மடுல்கெல்லவில் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு அமைச்சின் வாசல் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சட்டத்துக்கு வெளியே இன்னொரு வாசல் இருக்கிறது என்று காதில் ஓதுகிறவர்கள் உண்டு. ‘கல்கட்டஸ்’ என்ற நாட்டுத் துவக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ரிவோல்வர். அந்த வாசலில் ஒரு காலும் வைக்கக் கூடாது. 1979இல் தற்காலிகமாக வந்து பல பத்தாண்டுகள் நீடித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு அனுமதியில்லாத பிஸ்டலும் அகப்பட்டால், வழிப்பறிக்குப் பயந்து வைத்திருந்தேன் என்று சொல்லும் வார்த்தை யார் காதில் ஏறும்? குடும்பமே தெருவில் நிற்கும்.

“எண்பத்து மூணுல நம்ம கையில ஒண்ணும் இல்லைண்ணே”

இவ்வளவையும் கேட்ட பிறகு தம்பி சொன்ன வார்த்தை இது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது, அவருடைய அப்பா வேலை பார்த்த கடையும் எரிந்தது. 1977 கலவரத்திலும் தோட்டத்து ஆட்கள் அடிபட்டார்கள். அந்த நெருப்பைப் பார்த்தவர்களுக்கு, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இடுப்பில் ஒரு துவக்கு இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றுவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அவரிடம் சொன்னேன்: மண்ணெண்ணெய்க் கேனோடு ஐம்பது பேர் வரும் தெருவில் ஆறு ரவை என்ன செய்யும் தம்பி? ஆறு முடிந்த பிறகு? அந்த நாட்களில் உயிர் தப்பிய எங்கள் சனத்தில் பலரைக் காப்பாற்றியது, கதவைத் திறந்து உள்ளே இழுத்து மறைத்து வைத்த சிங்கள அயலவர்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்று பொய் சொன்னவர்கள். அந்த அயலோடு வைத்திருக்கும் உறவை எந்த ஆலையிலும் வார்த்து எடுக்க முடியாது.

துவக்கு மலைக்குப் புதிதல்ல. துரைமாரின் பங்களாவில் அது இருந்தது, பொலிசாரின் கையில் இருந்தது. 1940 ஜனவரியில் கண்டிக்கு அந்தப் பக்கம் ஹேவாஹெட்ட மூலோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். விசாரணை ஆணைக்குழு முன்னால் தொழிலாளர் தரப்பில் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். உரிமை கேட்டு நின்றவர்களை நோக்கியே அன்று துவக்கு திரும்பியது. 1971இலும் 1987-89இலும் நாட்டின் பல பகுதிகளில் வீடு வீடாகப் போய்த் துவக்குகளைப் பறித்தார்கள் கிளர்ச்சிக்காரர்கள். துவக்கு இருக்கிறது என்று பேர் வாங்கிய வீட்டைத்தான் இரவில் முதலில் தட்டினார்கள். பாதுகாப்புக்கு என்று வாங்கியது ஆபத்தை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 1993இல் ஆர்தர் கெலர்மன் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கும் இடத்தில் அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொல்லப்படும் அபாயம் 2.7 மடங்கு என்று அது கணக்கிட்டது. அந்தக் கணக்கைப் பற்றி அங்கே இன்னும் வாதம் நடக்கிறது. லயத்து அறையின் அளவு தெரிந்தவர்களுக்கு வாதம் தேவைப்படாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். பூட்டி வைக்க இரும்புப் பெட்டி எங்கே? ரவையை வேறாக வைக்க இரண்டாவது அறை எங்கே? சம்பள நாளில் சாராயம் உள்ளே போன இரவில் அந்தப் பெட்டியின் சாவி யார் கையில்?

சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரவையை இறக்கி, துவக்கை ஓரிடத்திலும் ரவையை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள். அனுமதிப்பத்திரத்தின் தவணையைத் தவற விடாதீர்கள். பழகாத துவக்கை இடுப்பில் செருகாதீர்கள். பிள்ளைக்கு அது இருக்கும் இடம் தெரியாது என்று ஒருநாளும் நம்பாதீர்கள். பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.

தராசுக்குத் திரும்பிய கல்

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது தம்பி பேசவில்லை. கடைக்குள் வந்து, ஈரத் துணியை அவிழ்த்து, இரண்டு கற்களையும் துடைத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டோம். கண்டிக் கடைகளில் எத்தனை பேர் வங்கி மூலம் பணம் வாங்கச் சம்மதிப்பார்கள்? வசூலை ஒரே இரவில் எடுக்காமல் மூன்று பகலாகப் பிரித்தால் என்ன? திரும்பும்போது மரக்கறி லொறியோடு சேர்ந்து வர முடியுமா? மோட்டார் சைக்கிள் பின்னால் வந்த இரண்டு திகதிகளையும் எழுதி, வளைவுக்கு ஒரு தெருவிளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு ஒரு கடிதமும், பொலிஸ் நிலையத்துக்கு ஒரு முறைப்பாடும் எழுதினோம். கடிதத்தில் பஜார்க் கடைக்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் மூன்று பேர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். தங்களுக்கும் அதே வளைவில் அதே பயம் இருந்ததாக அப்போதுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

அத்தனை நாளும் ஒவ்வொருவரும் அந்தப் பயத்தைத் தனித்தனியே சட்டைக்குள் மறைத்துச் சுமந்திருக்கிறார்கள்.

நான் கிளம்பும்போது பள்ளிக்கூட உடுப்போடு ஒரு சிறுமி வந்து எழுநூறு கிராம் சீனி கேட்டாள். தம்பி அந்த இரண்டு கற்களையும் எடுத்துத் தட்டில் வைத்தார்.